தங்கராசா மற்றும் பிறர்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் உதவி நூலகராக இருக்கிறேன். புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் தண்டம் அறவிடுவதும்தான் எங்கள் வேலை என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் என் நேரத்தில் பாதி வேறொன்றில் போகிறது. ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார், அவற்றை உலகில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடி எண்ணி, அறிக்கையாக்கிக் கொடுக்கிறேன். பதவி உயர்வுக்கும் நிதிக்கும் இந்த அறிக்கை தேவைப்படுகிறது.

கடந்த மாசி மாதம் எங்கள் மூலக்கூற்று உயிரியல் விரிவுரையாளர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பேச்சுக்கு வசந்தி என்றும், தந்தையார் பெயர் தங்கராசா என்றும் வைத்துக்கொள்வோம். ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை. நெல்லின் மரபணுக்களைப் பற்றி ஆய்வு செய்பவர். வெளிநாட்டு நிதி ஒன்றுக்கு விண்ணப்பிக்க, மேற்கோள்களைக் கொண்டு ஆய்வாளரை அளக்கும் எச்-சுட்டெண்ணைக் கேட்டிருந்தார்கள். தரவுத்தளம் ஒன்றில் தன் பெயரை இட்டுப் பார்த்திருக்கிறார். 4 என்று வந்திருக்கிறது.

"அக்கா, இருபது வருடம் வேலை செய்தவளுக்கு நாலுதானா?" என்று கேட்டார். அழவில்லை. ஆனால் அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, திரும்பக் கையில் எடுக்கவே இல்லை.

எச்-சுட்டெண்ணை 2005 இல் அறிமுகப்படுத்தியவர் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளை, அதிக மேற்கோள் பெற்றது மேலே வரும்படி வரிசையாக அடுக்க வேண்டும். மேலிருந்து எண்ணிக்கொண்டு வரும்போது, வரிசை எண்ணைவிட மேற்கோள் எண்ணிக்கை குறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். நான்காவது கட்டுரைக்கு 5 மேற்கோள்கள், ஐந்தாவதற்கு 4 என்றால் சுட்டெண் 4. ஒரே ஒரு கட்டுரை ஆயிரம் மேற்கோள் பெற்றாலும் சுட்டெண் ஏறாது; யாரும் திரும்பிப் பார்க்காத நூறு கட்டுரைகள் எழுதினாலும் ஏறாது. அந்த வகையில் நியாயமான கணக்குத்தான். ஆனால் எல்லாக் கட்டுரைகளும் ஒரே ஆளின் கணக்கில் சேர்ந்திருந்தால்தான் அது நியாயம்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது பெயரில்தான்.

எங்கள் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் வரும்: தங்கராசா வசந்தி. ஆய்விதழ்களின் படிவங்களோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கின்றன. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வசந்தி தன் முதல் கட்டுரைகளில் சான்றிதழில் உள்ளபடியே எழுதினார், தரவுத்தளம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு அவரை "வசந்தி, டி." ஆக்கியது. பிறகு ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழு, தன் பெயரை முன்னால் எழுதும்படி கேட்டது. அப்படி எழுதியபோது "தங்கராசா, வி." ஆனார். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரோடு சில கட்டுரைகள் வந்தன. எழுதியது ஒரே ஆள். உலகத்தின் கணக்கில் மூன்று பேர்.

காத்தான்குடி, ஏறாவூர் ஆய்வாளர்களுக்கு இதற்கு நேர்மாறான துன்பம். முகம்மது என்ற பெயரும் எம்.எம். என்ற முதலெழுத்துகளும் எத்தனையோ பேருக்குப் பொதுவானவை. ஒருவருடைய பெயரைத் தேடினால் இதயநோய், கொங்கிரீட், இஸ்லாமிய வங்கியியல் எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல வந்து விழும். அவற்றைப் பிரிப்பது ஒட்டுவதைவிடக் கடினம்.

காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனன், 1922 இல் பிரபோத சைதன்யர் ஆகி, 1924 இல் துறவறம் பெற்று விபுலாநந்த அடிகள் ஆனார். எங்கள் மண்ணில் பெயர் மாறுவது புதிதல்ல. அவரை எந்தப் பெயரில் சொன்னாலும் இங்கே எல்லோருக்கும் ஆள் தெரியும். கணினிக்கு அந்த ஊர்ப் பழக்கம் இல்லை.

மூன்று நாள் வேலை. கட்டுரைகளின் முகவரிகள், கூட ஆய்வு செய்தவர்களின் பெயர்கள், நன்றி கூறும் பகுதிகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு 19 கட்டுரைகளைச் சேர்த்தேன். வசந்தி, டி. என்ற பெயரில் 11. முன்னணியில் இருந்தவை 23, 11, 7, 5, 4 மேற்கோள்கள் பெற்றிருந்தன. சுட்டெண் 4. தங்கராசா, வி. என்ற பெயரில் 5. அவற்றில் 41, 9, 3. சுட்டெண் 3. கணவர் பெயரில் 3 கட்டுரைகள், 15, 8. சுட்டெண் 2. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கினேன்: 41, 23, 15, 11, 9, 8, 7. ஏழாவது கட்டுரைக்கு 7 மேற்கோள்கள். எட்டாவதற்கு 5. அங்கே நின்றது.

நான்கு ஏழானது. அவர் அந்த மூன்று நாளில் ஒரு சோதனைகூடச் செய்யவில்லை, ஒரு வரிகூடப் புதிதாக எழுதவில்லை.

மேற்கோள்களை எண்ணும் இந்த முறையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்ட் வேதியியல் படித்து, பின்னர் நூலகவியலில் பட்டம் பெற்றவர். அதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1955 இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் அவர் இந்த யோசனையை முன்வைத்தார். அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதல் பயன்படுத்தி வந்த ஓர் அட்டவணையே அவருக்கு முன்மாதிரி. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க வழக்கறிஞருக்கு அது தேவை. அதையே விஞ்ஞானத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு கருத்து பிறகு எங்கே போனது, யார் அதை ஏற்றார்கள், யார் மறுத்தார்கள் என்று தேடிச் செல்வதற்கான வழி அது. ஆட்களை உயரப்படி வரிசையில் நிறுத்தும் வேலை பிறகு ஏறிக்கொண்டது. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய உயிரியலாளர்களும் ஆய்விதழ் ஆசிரியர்களும், ஓர் ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் கணக்கை வைத்து அதில் எழுதியவரை எடைபோட வேண்டாம் என்று ஒரு பிரகடனம் எழுதினார்கள். அதில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் ஏராளம். படிவங்களில் எண் கேட்கும் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எண் எதை அளக்கிறது என்று எனக்கு விளங்கியது வசந்தியின் ஆய்வுகூடத்தில்தான். அறிக்கையில் ஒரு சந்தேகம் கேட்கப் போயிருந்தேன். "இருங்கள் அக்கா, இதை முடித்துவிடுகிறேன்" என்றார். இளம் நெல்லிலையைத் துண்டு துண்டாக நறுக்கி, கைக்குள் அடங்கும் பீங்கான் உரலில் இட்டு அரைத்தார். பச்சைச் சாறு போன்ற அதைக் கரைசலோடு சிறு குழாய்களில் ஊற்றி, 65 பாகை வெந்நீர்த் தொட்டியில் வைத்தார். பிறகு குளோரோஃபோம் சேர்த்துச் சுழற்றியில் இட்டார். வெளியே எடுத்தபோது குழாய்க்குள் இரண்டு படைகள். அடியில் கடும்பச்சை, மேலே தெளிந்த நீர், நடுவில் அழுக்குப்போல ஒரு தட்டு. அந்தத் தட்டு கலங்காமல் மேல்நீரை மட்டும் உறிஞ்சி வேறு குழாயில் விட்டு, குளிரவைத்த ஐசோபுரோப்பனோலைச் சேர்த்தார். குழாயை மெல்லத் தலைகீழாகச் சாய்த்தார்.

"இப்போது பாருங்கள்."

தெளிந்த நீருக்குள் எங்கிருந்தோ ஒரு வெள்ளை நூல் திரண்டு வந்தது. இடியப்ப நூலைவிடப் பலமடங்கு மெல்லியது. சுருண்டு, மிதந்து, அடியில் போய் உட்கார்ந்தது. நெல்லின் டி.என்.ஏ. ஐம்பது வயதில் அதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

இந்த முறையைத் தாவர ஆய்வாளர்கள் பெரும்பாலும் டொய்ல், டொய்ல் என்ற இருவர் 1987 இல் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரையைச் சொல்லித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அது வெளிவந்தது பெரிய ஆய்விதழில் அல்ல. 'பைற்றோகெமிக்கல் புலெற்றின்' என்ற சிறிய வெளியீட்டில். ஆனாலும் பல்லாயிரம் மேற்கோள்கள். உலகிலேயே அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒரு செய்முறைக் கட்டுரைதான். கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வழியை ஒலிவர் லோரியும் உடன் ஆய்வாளர்களும் 1951 இல் எழுதினார்கள். 'நேச்சர்' ஆய்விதழ் 2014 இல் முதல் நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது அதற்கு 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் இருந்தன. இரண்டாம், மூன்றாம் இடங்களிலும் புரதத்தைப் பிரிக்கும், அளக்கும் முறைகளே. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை 1953 இல் வெளிப்படுத்திய வாட்சன், கிரிக் கட்டுரை அந்த நூறுக்குள் இல்லை. முழு மூலக்கூற்று உயிரியலும் அதன்மேல் நிற்கிறது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் இன்று யாரும் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை.

தமிழில் இது எங்களுக்குப் பழக்கமான ஒன்று. "என்மனார் புலவர்" என்று தொல்காப்பியம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. முன்னோர் சொன்னார்கள் என்பது மட்டும் தெரிகிறது. எந்தப் புலவர் என்று தெரியாது. அந்தப் புலவர்களின் சுட்டெண் பூச்சியம். அவர்கள் இல்லாமல் அந்த இலக்கணமும் இல்லை.

அறிக்கைக்குத் தேவையில்லாத ஒரு வேலையையும் செய்தேன். 41 மேற்கோள் பெற்ற அந்தக் கட்டுரையை எடுத்தாண்ட 41 கட்டுரைகளையும் தேடிப் படித்தேன். என் சொந்த நேரத்தில், வீட்டில், இரவில். 2013 இல் வந்த கட்டுரை அது. படுவான்கரை விவசாயிகள் வீட்டில் காப்பாற்றி வைத்திருந்த பழைய நெல்லினங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்று டி.என்.ஏ. அடையாளங்களைக் கொண்டு பார்த்த ஆய்வு. 41 இல் 6, அதே குழுவினர் தங்கள் பிற்காலக் கட்டுரைகளில் காட்டியவை. 29 கட்டுரைகள் முன்னுரையில் ஏழெட்டுப் பெயர்களோடு ஒரே அடைப்புக்குறிக்குள் இதையும் சொல்லிவிட்டுக் கடந்து போயிருந்தன. ஒன்று, கட்டுரையில் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னது. அதை எழுதியவர் படித்திருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மிச்சம் 5. அந்த ஐந்து பேர் உண்மையாகவே படித்திருக்கிறார்கள். அட்டவணையை எடுத்துத் தங்கள் நெல்லோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் முடிவை ஏற்காமல் காரணத்தோடு மறுத்திருக்கிறார்.

வசந்திக்கு இதைச் சொன்னபோது மறுத்தவருடைய கட்டுரையைத்தான் முதலில் கேட்டார். நின்றபடியே படித்தார். "இவர் சொல்வது சரி. எங்களிடம் மாதிரிகள் குறைவு" என்றார். அன்று அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி, சுட்டெண் ஏழானபோது வரவில்லை. இந்த ஐந்தும் எண்ணில் தனியே தெரிவதில்லையே என்பதுதான் என் கவலை. தவறாகச் சொன்னவரும் 1, உயிரைக் கொடுத்துப் படித்தவரும் 1.

பழைய நெல் என்று அலட்சியமாகச் சொல்லக்கூடாது. முருங்கைக்காயன் என்று தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு நெல்லினத்தை இந்தோனேசிய நெல்லோடு கலந்துதான், 1950களின் இறுதியில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எச்-4 என்ற இனத்தை உருவாக்கினார்கள். எங்கள் தாத்தாமார் விதைத்து வீட்டுக் கடன் அடைத்த நெல் அது. ரத்து ஹீனட்டி என்ற இலங்கை நெல், பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சியைத் தாங்கும். அதற்குக் காரணமான மரபணுவை 1977 இலேயே இனங்கண்டு பெயரிட்டார்கள். 2015 இல் சீன ஆய்வாளர்கள் அது ஒரு மரபணு அல்ல, அடுத்தடுத்து இருக்கும் மரபணுக்களின் கூட்டம் என்று பிரித்துக் காட்டினார்கள். அந்தக் கட்டுரைகளுக்கு நிறைய மேற்கோள்கள் உண்டு. அந்த நெல்லைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து, நோய் விழுந்த வயலில் நிமிர்ந்து நின்ற கதிரைத் தனியே அறுத்து வைத்தவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

வசந்தியின் 19 கட்டுரைகளில் 5 க்கு ஒரு மேற்கோள்கூட இல்லை. ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அந்த ஐந்து அல்ல. பட்டியலுக்குள்ளேயே வராத ஒன்று. அறக்கொட்டியான் பற்றி நாலு பக்கத்தில் தமிழில் அவர் எழுதிய துண்டுப்பிரசுரம். பயிர் நெருக்கமாக விதைக்க வேண்டாம். யூரியாவை அள்ளி வீச வேண்டாம். மேலே இலையைப் பார்க்காமல் குனிந்து அடித்தண்டைப் பாருங்கள். கண்டபடி மருந்தடித்தால் பூச்சியைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகும் என்று சின்னச் சின்ன வசனங்கள். அம்பாறைப் பக்கத்தில் வயல்களுக்கு நீர் பாய்வதைக் கவனிக்கும் வட்டவிதானை ஒருவருடைய சட்டைப் பையில் அதைக் கண்டேன். மடித்து மடித்து நாலு மூலையும் கிழிந்து, பின்பக்கத்தில் உழவு இயந்திரக் கூலிக் கணக்கு எழுதியிருந்தது.

வெளியீட்டுப் பட்டியலில் 2021, 2022 ஆகிய ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன. விண்ணப்பத்தைப் படிக்கும் வெளிநாட்டவர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்று வசந்தி பயந்தார். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். பரிசோதனை வயல்கள் மஞ்சளாகி நின்றன. 2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர் சோதனைக்கான நொதியங்களை உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் வைத்திருக்க வேண்டும். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, அதில் உப்பைக் கலந்து, ரெஜிபோம் பெட்டிக்குள் நொதியங்களை வைத்து, இரவெல்லாம் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். நொதியங்கள் தப்பின. ஆனால் மூன்று போகங்களில் சேகரித்த இலை மாதிரிகளில் பாதி போய்விட்டன. டொலர் இல்லாத நாட்டில் புதிய இரசாயனங்கள் வரவும் வழியில்லை. இதையெல்லாம் அறிக்கையின் அடியில் ஐந்து வரியில் எழுதினேன். மேற்கோள் அறிக்கையில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. நான் எழுதினேன்.

கடைசி வேலை, ஆய்வாளருக்கான நிரந்தர அடையாள எண் எடுப்பது. 2012 ஒக்டோபரில் தொடங்கிய ஓர்கிட் என்ற ஏற்பாடு 16 இலக்க எண் ஒன்றைத் தருகிறது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. அதில் பதிந்துகொண்டால் மூன்று பெயர்களும் ஒரே ஆளுக்குக் கீழே வந்துவிடும். ஆனால் வெளியே தெரிய வேண்டிய பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வசந்தி அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டார். "சனிக்கிழமை அப்பாவிடம் போகிறேன். நீங்களும் வாருங்களேன்" என்றார்.

மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து போனோம். 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கே பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும்; வசந்தி பல்கலைக்கழகம் போனதும் அப்படித்தான். அவருடைய தந்தையாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. ஐந்தாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவர். முற்றத்து வேம்பின் கீழ் கதிரையில் இருந்தார். வசந்தி, பிலிப்பைன்ஸில் இருந்து வந்த ஒரு கட்டுரையின் பக்கத்தைக் காட்டி, ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து வாசித்தார்.

"தங்கராசா மற்றும் பிறர், 2013. உங்கள் பெயர்தான் அப்பா. நாற்பத்தொரு இடத்தில் வந்திருக்கிறது."

ஐயா தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "பிறர் என்றால் யார் பிள்ளை?"

"என்னோடு வேலை செய்தவர்கள்."

"என்ன நெல்?"

வசந்தி சொன்னார். ஐயா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது என்னுடைய நெல் இல்லையே மகள். நான் கலியாணம் கட்டி வரும்போது இந்த வீட்டில் பானைக்குள் இருந்தது. உன் பெத்தாச்சி வேப்பிலை போட்டு வைத்திருந்தாள். வீடும் அவளுடையது, நெல்லும் அவளுடையது. அவள் பெயரைப் போடவில்லையா?" என்றார்.

பெத்தாச்சி என்றால் அம்மம்மா. எங்கள் பக்கத்தில் குடியும் வீடும் தாய்வழியில்தான் வரும். அவர் கேட்டதில் வியப்பு ஒன்றுமில்லை. வசந்தி மூலக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நன்றி கூறும் பகுதியில் நிதி தந்தவர்கள் பெயர் இருந்தது, ஆய்வுகூட உதவியாளர் பெயர் இருந்தது. அதன் கீழ், நெல் மாதிரிகளை வழங்கிய விவசாயிகளுக்கு நன்றி என்று ஒரு வரி.

என்னிடம் பேனை கேட்டு வாங்கினார். தாளின் பின்பக்கத்தைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டு, "பெத்தாச்சியின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் அப்பா" என்றார்.